ட்ரவுட் மீனும் வள்ளமும்: ஹல்துமுல்லையில் ஓர் ஆற்றுப் பயணத்தைத் திட்டமிடுதல்

"உங்கட ஊர்ப் பக்கம் ஆறு ஓடுதுதானே? வள்ளத்தில மிதந்து போய் ட்ரவுட் பிடிக்கலாமோ எண்டு மச்சான் கேக்கிறான்."

கிளிநொச்சியிலிருந்து நண்பர் இப்படிக் கேட்டபோது முதலில் சிரித்துவிட்டேன். மச்சான் இருப்பது டொரோண்டோவில். கோடையில் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய், கனூ எனப்படும் ஒடுங்கிய வள்ளத்தில் ஏரிகளையும் ஆறுகளையும் கடந்து, கூடாரம் அடித்துத் தூண்டில் போடுகிறவர். மார்ச் மாத விடுமுறையில் ஒரு வாரம் இலங்கைக்கு வருகிறார். அந்த ஒரு வாரத்தில் தன் மாமி பிறந்த மலையில் அதையே செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மாமி என்றால் நண்பரின் அம்மா. ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. அதன் பிறகு ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லை. ஆகவே சிரிப்பை நிறுத்திவிட்டு வரைபடத்தை எடுத்தேன். இதேபோல ஒரு பயணத்தை யோசிக்கும் வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால், விசாரித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆறுகள். ஹல்துமுல்லை மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பில் தொங்குகிற ஊர். மேலே ஹப்புத்தளை, கீழே தாழ்நிலம். இந்தச் சரிவில் நீர் ஓடுவதைவிட விழுவதே அதிகம். இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்த (263 மீற்றர்) ஹல்துமுல்லைப் பிரதேசத்திலுள்ள களுபஹனவில் இருக்கிறது. கொஸ்லந்தைக்கு அப்பால், வெல்லவாய வீதியில் தெரியும் தியலும 220 மீற்றர். முதலாவதன் நீர் வளவை கங்கைக்கும் இரண்டாவதன் நீர் கிரிந்தி ஓயாவுக்கும் போகிறது. இரண்டுமே தென்கடலில் சேருபவை. ஹப்புத்தளை மேட்டின் மறுபக்கத்தில் பெய்யும் மழையோ உமா ஓயா, பதுளு ஓயா வழியாக மகாவலியில் கலந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. ஒரு மேட்டின் இரு பக்கமும் விழுகிற துளிகள் இவ்வளவு தூரம் பிரிவதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வள்ளம் மிதக்க நீர் ஆழமாகவும் ஓரளவு மட்டமாகவும் ஓட வேண்டும். பெலிஹுல் ஓயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில் சாவகாசமாக ஓடுகிறது. A4 வீதியை அடையும்போது 600 மீற்றர் அளவில் நிற்கிறது. இடையிலுள்ள சிறிய தூரத்துக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. கனடாவில் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கொஞ்ச தூரம் வள்ளத்தைத் தோளில் தூக்கி நடப்பார்களாம். இங்கே வழி முழுவதும் தூக்க வேண்டியதுதான்.

அப்படியானால் கீழே? சமனலவெவ, உடவளவை போன்ற நீர்த்தேக்கங்களில் நீர் மட்டமாக இருக்கிறது. ஆனால் அவை மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டப்பட்டவை, உரிய அதிகாரிகளின் அனுமதியில்லாமல் வள்ளம் இறக்கக் கூடாது. உடவளவை நீர்த்தேக்கம் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது, யானைகள் தண்ணீர் குடிக்க வருமிடம். கிரிந்தி ஓயாப் பக்கத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் மகாவலிப் படுகையின் நீரை இந்தப் பக்கம் கொண்டுவந்து வெல்லவாயவுக்கு அருகில் நிலத்தடி மின்நிலையத்தின் ஊடாக விடுகிறது. 2024 ஏப்ரலில் அது திறந்துவைக்கப்பட்டது. (அந்தச் சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் தனியே எழுத வேண்டிய கதை.) மின்நிலையம் நீர் விடும் நேரத்தை ஆற்றோரம் நிற்பவர் அறியமாட்டார். அணைக்கோ மின்நிலையத்துக்கோ கீழே குளிக்க இறங்குகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மீன். ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. 1880களில் பிரித்தானியர் முட்டைகளாகக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்க ஓடைகளில் விட்டார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் சரியாகப் பெருகவில்லை. பின்னர் கொண்டுவந்த, வட அமெரிக்காவைச் சேர்ந்த வானவில் ட்ரவுட் நிலைத்தது. தோட்டத் துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் சேர்ந்து இலங்கை மீன்பிடிக் கழகம் என்று ஒன்றை அமைத்து, குஞ்சு பொரிக்க வைத்து, ஓடைகளில் விட்டு, தங்கள் பொழுதுபோக்குக்காக வளர்த்தார்கள். ஒஹியப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த என் அப்பாயி, "அது தொரை மீனு, தொடாத" என்று சொல்லித்தான் தன் பிள்ளைகளை ஓடையிலிருந்து கூப்பிடுவாராம்.

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, வேகமாக ஓடுகிற, ஒட்சிசன் நிறைந்த நீர் வேண்டும். நீரின் வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் அது தாக்குப்பிடிப்பது கடினம். அதனால் ஹல்துமுல்லைக்குக் கீழே எந்த ஆற்றிலும் அதைத் தேட வேண்டாம். அதை எளிதாகக் காணக்கூடிய இடம் ஹோர்ட்டன் சமவெளி. பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழியில் பெலிஹுல் ஓயாவின் தெளிந்த மடுக்களில் அது நிற்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் சட்டத்தின்படி அங்கே தூண்டில் போடுவது குற்றம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் விலையுயர்ந்த தூண்டிற்கோலும் வைத்திருப்பவருக்கும் அதே சட்டம்தான்.

மச்சானுக்கு இதைச் சொன்னபோது, "வந்தேறி மீனைப் பிடித்தால் நல்லதுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சிறிய நன்னீர் இறாலை ட்ரவுட் தின்று குறைத்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். ஆனாலும் எதை அகற்றுவது என்பதைப் பூங்கா நிர்வாகம்தான் தீர்மானிக்க வேண்டும். சுற்றுலா வருபவர்கள் ஆளுக்கொரு தூண்டிலோடு ஓடையில் இறங்கினால் இறாலும் மிஞ்சாது, கரைப் புல்லும் மிஞ்சாது.

பூங்காவுக்கு வெளியே, அக்கரப்பத்தனை போன்ற நுவரெலியா மாவட்டத் தோட்டங்களூடாக ஓடும் ஓடைகள் பழைய ட்ரவுட் நீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், நன்னீர் மீன்பிடிக்கு என்ன உரிமம் தேவை என்று கடற்றொழில் திணைக்களத்திலும் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் ஒரு காலைப்பொழுது போதும். முள்ளில்லாத ஒற்றைத் தூண்டில், பிடித்ததைத் திரும்ப விடுதல் என்று வைத்துக்கொள்வது நல்லது. பிடித்த மீனைச் சுட்டுத் தின்னும் ஆசை இருந்தால் இரணைமடுத் திலாப்பியா எவ்வளவோ ருசி என்பது என் அபிப்பிராயம்.

வள்ளத்துக்கு நான் பரிந்துரைத்த இடம் கித்துல்கல. 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம் எடுக்கப்பட்ட களனி கங்கைக் கரை. றப்பர்ப் படகில் வெண்ணுரைப் பாய்ச்சலில் இறங்குவது அங்கே பல ஆண்டுகளாக நடக்கும் தொழில். தனி ஆள் ஓட்டும் சிறு வள்ளங்களும் கிடைக்கும். மேலேயுள்ள மின்நிலையங்கள் விடும் நீரைப் பொறுத்தே அங்கே ஆற்றின் மட்டம் ஏறி இறங்குவதால், எந்த நேரம் படகு இறக்குவார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். உயிர்காப்பு அங்கியின் பட்டிகளை நீங்களே இழுத்துப் பாருங்கள், தலைக்கவசம் தராதவரிடம் ஏறாதீர்கள். நண்பரின் அக்காவின் கணவருக்கு ஒரு காலில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால். ஈரமும் சேறும் அந்தக் காலுக்குப் பெரிய பிரச்சினையல்ல, பாசி பிடித்த கல்தான் ஆபத்து. அவர் ஏறுவதும் இறங்குவதும் மணல் கரையில் இருக்க வேண்டும் என்றும், படகுக்குள் அந்தக் காலை எந்தப் பட்டியிலும் செருகக் கூடாது என்றும் முன்பே பேசி வைத்தோம்.

காலம்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. மேட்டின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, மே முதல் செப்டெம்பர் வரை. ஊவாப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. இரண்டுக்கும் பொதுவாக வெயில் கிடைப்பது பெப்ரவரியும் மார்ச் முதற்பாதியும். மச்சானின் விடுமுறை மார்ச் நடுப்பகுதியில். அப்போது பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். ஆகவே ஒரு விதி வைத்தோம்: எந்த நீரில் இறங்கினாலும் நண்பகலுக்குள் கரையேறிவிட வேண்டும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள், பெற்றோரை இழந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வீடு இருக்கவில்லை. பயணம் வருகிறவர்கள் லயத்து மக்களைப் போல அங்கே இருந்தே ஆக வேண்டியவர்கள் அல்லர். உங்களுக்குத் திரும்பிப் போகும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த நிறுவனம் விழிப்பாக இருக்கச் சொல்லும், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். பயண நாட்களில் தினமும் காலையில் அதன் அறிவித்தலைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஓடை திடீரெனக் கலங்கினாலும், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலும், ஓடிக்கொண்டிருந்த நீர் காரணமில்லாமல் குறைந்தாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். தியலுமவின் மேல் மடுக்களில் குளிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் தலைக்கு மேல் வெயிலடித்தாலும் பூனாகலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம்.

பாதையை ஆறுகளை வைத்தே போட்டோம். கட்டுநாயக்கவிலிருந்து அவிசாவளை வழியாகக் கித்துல்கல, ஒரு இரவு. அங்கிருந்து ஹற்றன், நுவரெலியா. அதிகாலையில் ஹோர்ட்டன் சமவெளி, மீன் பார்ப்பதற்கு மட்டும். ஒஹியப் பக்கமாக இறங்கி ஹப்புத்தளை, பெரகலை, ஹல்துமுல்லை, அங்கே இரண்டு இரவுகள். திரும்பும்போது பதுளை, மகியங்கனை வழியாக வடக்கே. எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள், விடுதியில் பதிய வேண்டும். வழிகாட்டிக்கு வெளியே ஆள் தேட வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இரவு நண்பர் மறுபடியும் அழைத்தார். "அம்மா தண்ணிக்குக் கிட்ட வரமாட்டா" என்றார். 2009 மே மாதம் நந்திக்கடலைக் கழுத்தளவு நீரில் கடந்தவர் அவர். கையில் பிடித்திருந்த ஒருவர் மறுகரைக்கு வரவில்லை. அதன் பிறகு கிணற்றடியில்கூட வாளியை மற்றவர்கள்தான் இழுத்துக் கொடுக்கிறார்கள். இவ்வளவு நாளும் நான் நீரோட்டத்தையும் மழையையும் கேட்டேனே தவிர, அவரைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவரோடு நேரடியாகப் பேசினேன். கித்துல்கலவில் அவர் கரையிலும் நிற்கப் போவதில்லை, விடுதியில் இருப்பார். யாரும் "வாங்கோ, பயமில்லை" என்று கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று மச்சானுக்கும் சொல்லியாயிற்று. சமவெளிக்கு வருவதா என்பதை அன்று காலை சொல்வார்.

"எங்க லயத்துக்குப் பின்னால ஒரு பீலி இருந்திச்சு. மூங்கில்ல தண்ணி வரும். அது இன்னும் வருதா மகள்?" என்று கேட்டார். வன்னியில் இத்தனை வருடம் இருந்தும் அந்த ஒரு வசனம் தோட்டத்துப் பேச்சிலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மூங்கில் போய் பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கிறது. தண்ணீர் வருகிறது. படம் எடுத்து அனுப்பினேன். ஹல்துமுல்லையில் முதல் நாள் காலையை அந்தப் பீலிக்கு ஒதுக்கியிருக்கிறோம்.