இணைப்பு வரம்பு: விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறிகளில்

இணைப்பு வரம்பு என்பது, ஒரு கணிப்பொறி வலையமைப்பின் வழியே ஒரே சமயத்தில் எத்தனை தொடர்புகளைத் தொடங்கலாம், எத்தனையைப் பிற பொறிகளிடமிருந்து ஏற்கலாம் என்பதற்கு அதன் இயக்கமுறைமை விதிக்கும் எல்லையாகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001இல் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கு, 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 என்னும் திருத்தத் தொகுதி வந்த பின்னரே, வீட்டுக் கணிப்பொறி உடையோர் பலர் இவ்வெல்லையை உணரலாயினர்.

தோற்றம்: டிசிபி நெறிமுறையில், தொடங்கும் பொறி அழைப்பை விடுக்க, எதிர்ப்பொறி அதனை ஏற்று மறுமொழி அனுப்ப, அம்மறுமொழி கிடைத்ததை முதற்பொறி உறுதி செய்ய, இவ்வாறு மூன்று படிகளால் ஒரு தொடர்பு பூர்த்தியாகிறது; அழைப்பு சென்றும் மறுமொழி வாராது நிற்பதைப் பாதித் தொடர்பு எனலாம். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டரும், 2004 ஏப்ரல் இறுதியில் தோன்றிய சாசரும், எண்ணற்ற முகவரிகளுக்கு இடைவிடாது அழைப்பு விடுத்துக் காவலற்ற பொறிகளைத் தேடிப் பரவிய புழுநிரல்களாதலின், அத்தகையவற்றின் வேகத்தை மட்டுப்படுத்தும் நிமித்தம், வெளிச்செல்லும் பாதித் தொடர்புகள் ஒரே சமயத்தில் 10க்கு மேற்படலாகாது என்னும் விதி புகுத்தப்பட்டது. பூர்த்தியான தொடர்புகளை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. மிகுதியான அழைப்புகளும் நிராகரிக்கப்படாமல் வரிசையில் நிறுத்தப்பட்டுப் பின்னர் அனுப்பப்படுகின்றன.

லட்சணங்கள்: பிட்டொரன்ட் போன்ற கோப்புப் பகிர்வு நிரல்கள், அணைந்துகிடக்கும் பொறிகள் உட்பட அநேக முகவரிகளை ஒருங்கே அழைப்பதால், அவை இயங்கும்போது வரிசை நிரம்பிவிடுகிறது. அதுவரை நடைபெற்ற பதிவிறக்கம் தடையின்றித் தொடரினும், பிரௌசரில் புதிய பக்கங்கள் திறக்கத் தாமதமாகும். ஈவண்ட் வியூவரின் சிஸ்டம் பதிவேட்டில் 4226 என்னும் எண்ணுடன் காணப்படும் எச்சரிக்கை, வரம்பு எட்டப்பட்டதற்குச் சாட்சியாகும்.

காரண நிர்ணயம்: கட்டளைச் சாளரத்தில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளுடன் இயக்கினால், எல்லாத் தொடர்புகளும் நிரல்பட வரும். ‘சின் சென்ட்’ என்னும் குறிப்புடைய வரிகளே பாதித் தொடர்புகள். அவ்வரிகளின் இறுதியிலுள்ள எண்ணை டாஸ்க் மானேஜரில் ஒப்புநோக்கின், அழைக்கும் நிரல் இன்னதெனப் புலப்படும்.

பரிகாரம்: அறிந்த நிரலாயின், அதன் அமைப்பிலேயே ஒருங்கே தொடங்கும் தொடர்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது போதும். அறியாத நிரலொன்று 135 அல்லது 445 ஆம் போர்ட்டை நோக்கிப் பல முகவரிகளை அழைக்குமாயின், புழுநிரல் என்றே சந்தேகித்து, முதலில் வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, பின்னர் வைரஸ் தடுப்பு நிரலால் சோதிக்க வேண்டும். டிசிபிஐபி.சிஸ் என்னும் கோப்பை மாற்றி வரம்பை உயர்த்தும் சிறு நிரல்கள் அக்காலத்தில் பெருவழக்காய் இருந்தன. எனினும் காரணத்தை ஆராயாது வரம்பை நீக்குவது, நோயைக் காட்டும் குறியை அழித்து நோயை வளரவிடுவதாகும்.

பிற வரம்புகள்: பகிர்ந்த கோப்புறையை ஒருங்கே அணுகக்கூடிய பிற பொறிகள், ஹோம் பதிப்பில் 5, புரொபஷனல் பதிப்பில் 10. இவ்வெல்லை மீறப்படும்போது புதிதாக வரும் பொறிக்கு அனுமதி மறுக்கப்படும். பயனற்றுக் கிடக்கும் தொடர்புகளைத் துண்டித்தால் இடம் கிடைக்கும். வெளிச்செல்லும் தொடர்புகளுக்கு இயல்பாக 1025 முதல் 5000 வரையுள்ள போர்ட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தமையாலும், முடிந்த தொடர்பின் போர்ட் நான்கு நிமிஷங்கள் விடுவிக்கப்படாமையாலும், ஓயாது தொடர்பு கொள்ளும் நிரல்களுக்குப் போர்ட்டுப் பஞ்சம் நேர்வதுண்டு.

பிற்கால நிலை: பாதித் தொடர்பு வரம்பு, 2009இல் வந்த விஸ்டா சர்வீஸ் பேக் 2இலும் விண்டோஸ் 7இலும் இயல்பு நிலையில் நீக்கப்பட்டது. ஆதலால் இவற்றிலும் இவற்றிற்குப் பிந்திய பதிப்புகளிலும் இணைப்புத் தாமதம் நேரின், காரணத்தை இவ்விதியில் தேடாமல், ரௌட்டரிலோ இயங்கும் நிரல்களிலோ தேடுதலே முறை.