ஆடுபவரும் ஆட்டுவிப்பவரும்

எங்களுடையது அரூர் பக்கத்துக் கிராமம். பொங்கல் கபடிக்குக் காலனிப் பையன்கள் இல்லாமல் ஊர் அணி கிடையாது. ரெய்டு போக அவர்கள் வேண்டும். மடக்கிப் பிடிக்க அவர்கள் வேண்டும். கேப்டன் மட்டும் எப்போதும் ஊர்த் தெருக்காரர். 'அவனுங்க நல்லா ஆடுவானுங்கப்பா, டீமை நடத்தணும்னா வேற ஆளு வேணும்ல' என்பார் ஒரு பெரியவர். நானும் ஊர்த் தெருதான். அந்த அணியில் ஆடியபோது இந்தப் பேச்சு எனக்கு உறுத்தவேயில்லை.

இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு, பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தவர். துரைமாருக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்க விடவில்லை. வெள்ளையரை வெல்ல இந்து அணிக்கு அவர் கை தேவைப்பட்டது. மைதானத்தில் எல்லோரும் தொட்ட பந்து ஒன்றுதான். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். ஆனாலும் தலைமை இல்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் எதிர்த்து அணியை விட்டு விலகினார்கள். அதன் பிறகே பாலுவுக்குத் துணைத்தலைவர் பதவி. 1923இல் விட்டல் கேப்டனானார். பம்பாய்ப் போட்டியில் இந்து அணி வென்றது. 1937 தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவைக் காங்கிரஸ் நிறுத்தியது, பாலு தோற்றார். அவரை வெறும் பகடை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆட்டுவித்தது யார் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

அமெரிக்க பேஸ்பாலில் யார் ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பவர் மேனேஜர். 1947இல் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்தார். 1972இல், சாவதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு கறுப்பு மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று பொதுமேடையில் சொன்னார். பார்க்கவில்லை. 1974இல் கிளீவ்லாந்து அணி ஃபிராங்க் ராபின்சனை அமர்த்தியது. இரண்டு லீக்குகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற அவர், மேனேஜர் வேலை பழகப் போர்ட்டோ ரிக்கோவில் பல குளிர்காலங்களைக் கழிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் ஆட்டக்காரர் பட்டியலில் தன் பெயரையும் எழுதி, முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். 1977இல் வேலை பறிபோனது. பிறகு வேறு அணிகள் அழைத்தன. 1989இல் சிறந்த மேனேஜர் விருது.

எனக்கு விருதைவிட 1977தான் முக்கியம். தோற்ற வெள்ளை மேனேஜருக்கு 'அனுபவசாலி' என்று பெயர். அடுத்த வேலை காத்திருக்கும். விளிம்பிலிருந்து வருபவர் தோற்றால் அது இனத்தின் தோல்வி, சாதியின் தோல்வி. ஆகவே தலைமை என்பது ஜெயிக்கிற வாய்ப்பு மட்டுமல்ல. தோற்றுவிட்டுத் திரும்பி வருகிற உரிமையும்தான். காலனிப் பையன் கேப்டனாகி ஒரு பொங்கலில் தோற்கட்டும். அடுத்த பொங்கலுக்கும் அவனே கேப்டனாக இருப்பானா? இந்தக் கேள்வியை அன்றே அந்தப் பெரியவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.