தொட்டிலும் தோல்வாரும்



யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குச் செல்லும் தாய் விடியுமுன் எழுந்தாக வேண்டும். பலாங்கொடைத் தேயிலைத் தோட்டத்திலும் பிரட்டுக்களத்துக்கு நேரம் தவறலாகாது. அத்தகைய தாயொருத்தியின் கைக்குழந்தைக்கு வார்ப்பட்டி பூட்டி, இரவும் பகலும் கழற்றலாகாதென்று வைத்தியர் சொல்லியனுப்பினால், அன்றிரவு அந்த லயத்து அறையில் உறங்குபவர் யார்? குழந்தை வீறிடும்; பட்டியை அவிழ்த்துவிடும்படி பாட்டி இரங்குவாள்; சுவருக்கு அப்பால் அயலாரும் விழித்துக்கொள்வர். அவ்விரவில் எடுக்கும் முடிவே, அக்குழந்தை நாளை நேராக நடப்பதா, நொண்டுவதா என்பதைத் தீர்த்துவிடவும் கூடும். ஆதலால், அந்தப் பட்டி எவ்வாறு பிறந்தது என்பதை இன்று சற்றே நோக்குவோம்.

தொடையெலும்பின் மேல்நுனி ஒரு பந்து போன்றது. இடுப்பெலும்பில் அதற்கென ஒரு கிண்ணம் உண்டு. சில குழந்தைகளுக்கு அக்கிண்ணம் ஆழங் குறைந்திருக்கும். பந்து அதில் நிலைகொள்ளாமல் வழுவும். பெண் குழந்தைகளிடமும், கருப்பையில் கால்புறம் கீழாக இருந்த குழந்தைகளிடமும், முன்னரே இந்நோய் கண்ட குடும்பங்களிலும் இது மிகுதி. பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே இதைப் பற்றிய குறிப்பு உள்ளது. எனினும், குழந்தை நடக்கத் தொடங்கி நொண்டிய பின்னரே நோயை அறிவதென்பது பல நூற்றாண்டுகளாக வழக்கமாயிருந்தது.

வியன்னா நகரத்து அடொல்ப் லோரன்ஸ், கத்தியின்றிக் கையாலேயே மூட்டைப் பொருத்தும் முறையாற் புகழ்பெற்றவர். 1902-இல் சிக்காகோவின் இறைச்சி வணிகச் செல்வர் ஒருவர் தம் மகளுக்குச் சிகிச்சை செய்ய அவரைக் கடல் கடந்து வரவழைத்தார். மூட்டைப் பொருத்திய பின், தவளை போலக் கால்களை விரித்துச் சுண்ணச்சாந்துக் கட்டுப் போடுவது அவர் முறை. பலர் நலமடைந்தனர். ஆயினும் கால்களை அளவுக்கு மீறி விரித்துக் கட்டியதால், எலும்பின் பந்துக்குச் செல்லும் குருதி தடைப்பட்டு, அப்பந்தே நலிந்து போன குழந்தைகளும் உண்டு.

அடுத்த படியை ஏற்றிவைத்தவர் இத்தாலியக் குழந்தை வைத்தியர் மரீனோ ஓர்தொலானி. குழந்தையைக் கழுவித் துடைக்கும்போது தொடையில் 'களுக்'கென்று ஓர் அசைவு தோன்றுவதை ஒரு தாய் அவரிடம் கூறினாள் என்பர். அவ்வசைவையே நோயின் அறிகுறியாக ஆராய்ந்து 1937-இல் அவர் வெளியிட்டார். 1962-இல் இங்கிலாந்தின் சால்போர்ட் நகரத்து பார்லோ என்பார், பிறந்த சில நாட்களிலேயே செய்யத்தக்க மற்றொரு சோதனையை எழுதினார். இவ்விரு சோதனைகளும் இன்றும் கையாளப்படுகின்றன.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், 1940-களில், செக் நாட்டு வைத்தியர் அர்னோல்ட் பாவ்லிக் தோல்வாரினால் ஒரு பட்டியைச் செய்தார். அவர் கருத்து எளியது: குழந்தையைச் சிறைப்படுத்தலாகாது. முழங்கால்கள் மடங்கியிருக்கட்டும், தொடைகள் தாமாக இருபுறமும் விரியட்டும், குழந்தை உதைத்து விளையாடட்டும். அந்த உதையே பந்தைக் கிண்ணத்தில் அமர்த்தும் என்றார். இன்று தோலுக்குப் பதில் துணிவார். கருத்து மட்டும் மாறவில்லை.

ஜப்பானின் அனுபவமும் நம் கவனத்துக்குரியது. அங்கே குழந்தையின் கால்களை நேராக நீட்டிச் சுற்றிவைக்கும் வழக்கம் இருந்தது. 1970-களின் நடுப்பகுதியில் அதைக் கைவிடுமாறு நாடெங்கும் பிரசாரம் செய்தனர். முன்னர் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை கண்ட நோய், ஆயிரத்தில் இரண்டுக்கும் கீழாகக் குறைந்தது. குழந்தையை ஒக்கலிலும் முதுகிலும் கால் விரித்துச் சுமக்கும் மக்களிடையே இந்நோய் அரிதென்பதும் கண்ட உண்மை. நம் தாய்மார் இடுப்பில் குழந்தையைத் தாங்கும் நிலைக்கும் பாவ்லிக்கின் பட்டி தரும் நிலைக்கும் உள்ள ஒற்றுமை நோக்கத்தக்கது.

எனினும், நம் வழக்கங்கள் யாவும் இம்மூட்டுக்கு இசைந்தவை என்று கொள்ளலாகாது. தோட்டத்துக் குழந்தை நெடுங்காலமாகச் சேலைத் தொட்டிலில் வளர்ந்தது. 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பெற்ற தாய்க்குச் சில வார ஓய்வு தந்தது. ஓய்வு முடிந்ததும் குழந்தை பிள்ளை மடுவத்துக்குச் சென்றது. அங்கும் தொட்டிலே தாயானது. அத்தொட்டில் ஒடுங்கியது, குழந்தையின் பாரத்தால் இருபுறமும் நெருங்கிக் கால்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடும். சிகிச்சைக் காலத்தில் இது தகாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகையில் கால்களை இழுத்து நீட்டி உருவுவதும் அவ்வாறே.

ஆகவே பட்டியணிந்த குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துக. கால்கள் தாமாக விரிய இருபுறமும் இடம் விடுக. குளிருக்குப் போர்த்துவதானால் கால்களை இறுக்காத தளர்ந்த துணி போதும். பட்டிக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை இருக்கட்டும். இரத்தினபுரிப் பகுதியின் ஈரக் காற்றில் வியர்வை தங்கித் தோல் புண்ணாகும். கழுத்து, தொடை மடிப்புகளை நாள்தோறும் பார்த்து உலர வைக்க வேண்டும். வாரின் கீழ் எண்ணெயும் மாவும் பூசலாகாது. அணையாடை வார்களுக்கு உட்புறமாக அமைதல் வேண்டும். சுண்ணச்சாந்துக் கட்டாயின், கட்டின் பாரத்தைத் தாங்க மடித்த துணியைக் கால்களின் கீழ் வைத்து, விரல்களின் நிறத்தையும் வீக்கத்தையும் கவனித்து வருக.

முதற் சில இரவுகள் கடினமானவை. பெரும்பாலான குழந்தைகள் விரைவில் பழகிவிடுகின்றன. அழுகை பொறுக்காமல் வாரைத் தளர்த்துவது கூடாது. வளரும் குழந்தைக்கு அதன் அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை. உதைத்துக்கொண்டிருந்த கால் உதையை நிறுத்திவிட்டால், அது நரம்பு அழுந்தியதற்கு அடையாளமாகலாம். அப்போது தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. இவற்றைத் தாய் மட்டும் அறிந்தாற் போதாது. பகலெல்லாம் குழந்தையைக் காக்கும் மடுவத்து ஆயாவும், வீட்டிலுள்ள பாட்டியும் அறிதல் வேண்டும்.

பல நூற்றாண்டுகள் நொண்டிய பின் கண்ட நோயை, இன்று ஒரு மருத்துவமாதின் கை சில நாட்களிலேயே கண்டுவிடுகிறது. அதன் பயனைக் காப்பது, சில வாரங்கள் பொறுமையோடு விழித்திருக்கும் லயத்து வீட்டின் கடமை. அந்தக் குழந்தை ஒருநாள் மலைச்சரிவில் ஓடி ஏறுகையில், அன்று இழந்த உறக்கம் எவருக்கும் நினைவிராது.