கச்சேரிக்கு இரண்டு பொருள்

‘கச்சேரி’ என்றால் இன்று தம்புராவும் மிருதங்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் தாத்தாக்கள் காலத்தில் அப்படியில்லை. தாலுகா கச்சேரி, கலெக்டர் கச்சேரி என்றால் மனுவை மடித்துக்கொண்டு போய் வெயிலில் நிற்கிற இடம். மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பெயர் வந்தது அந்த வகைக் கச்சேரியால்தான், பாட்டால் அல்ல. ‘சபை’யும் இப்படி இரட்டை வேஷம் போட்ட சொல். 1884-ல் தோன்றிய சென்னை மகாஜன சபை அரசுக்கு விண்ணப்பம் எழுதியது. 1900-ல் திருவல்லிக்கேணியில் தோன்றிய பார்த்தசாரதி சுவாமி சபா பாட்டுக் கேட்கக் கூடியது. ‘மன்றம்’ இன்றும் நீதிக்கும் உண்டு, கலைக்கும் உண்டு. சொல்லை வைத்து மட்டும் வரலாறு எழுதிவிட முடியாது. அது தடயம், சாட்சி அல்ல. ஆனால் இந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒன்று தெரிகிறது. 1880-களில் தொடங்கி, சென்னை வளர்ந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் ஊர்க்குறையைப் பேசிய பேச்சும் கலையைப் பேசிய பேச்சும் இரண்டு தனிப் பேச்சுகள் அல்ல. பெரும்பாலும் ஒரே ஆட்கள், ஒரே கூடம், ஒரே பழக்கம்.

கூடம் என்றதும் முதலில் நிற்பது விக்டோரியா பப்ளிக் ஹால். ஊருக்கென்று ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1882-ல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் ஒரு பகுதியை மாநகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சிஷோம் வரைந்து கொடுத்தார், நம்பெருமாள் செட்டி கட்டினார். ராணியின் பொன்விழா 1887-ல் வந்ததால் பெயர் அந்தப் பக்கம் போய்விட்டதே தவிர, பணம் போட்டவர்கள் கேட்டது ‘டவுன் ஹால்’. கட்டி முடிந்த பத்தாண்டுக்குள் அங்கே நடந்தவற்றைப் பாருங்கள்: பொதுக்கூட்டம், நாடகம், ஊரில் முதன்முதலாகக் காட்டிய சலனப் படம். 1897-ல் விவேகானந்தர் தம் திட்டத்தை விளக்கிப் பேசியதும் அங்கேதான்.

“வேறு நல்ல கூடம் இல்லை, அதனால் எல்லாரும் அங்கே போனார்கள், இதில் என்ன வரலாறு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூடம் மட்டும் ஒன்றாக இருந்திருந்தால் நானும் விட்டுவிடுவேன். ஆட்களும் ஒன்றாக இருந்தார்கள் என்பதுதான் விஷயம். 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியின் குழு சென்னைக்கு வந்து நாடகம் போட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த பம்மல் சம்பந்தம், நண்பர்கள் சிலரோடு அதே ஆண்டு ஜூலையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவர் பதினெட்டு வயதுப் பையன். நாடகக்காரரைக் ‘கூத்தாடி’ என்று ஒதுக்கிய ஊரில், பகலில் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு வாதாடிய ரங்கவடிவேலு இரவில் கதாநாயகி வேஷம் கட்டி நின்றார். சபைக்குச் சந்தா, காரியதரிசி, நிர்வாகக் குழு, தீர்மானம் எல்லாம் இருந்தன; மகாஜன சபைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும். இந்தச் சபையில் வேஷம் கட்டிய இன்னொரு வக்கீல் சத்தியமூர்த்தி. 1939-ல் அவர் சென்னை மேயரானார். குடிநீர்ப் பஞ்சத்துக்குப் பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன்னின்று போராடினார். 1940-ல் அடிக்கல் விழுந்தது. 1944-ல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. சம்பந்தத்தின் ‘மனோகரா’ நாடகத்தில் சத்தியமூர்த்தி நடித்ததால்தான் பூண்டி வந்தது என்று நான் சொல்லவில்லை. கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கும்படி தமிழில் பேசுவது ஒரு தொழில். படித்த வர்க்கத்தின் அரசியல் மேடை பெரும்பாலும் இங்கிலீஷில் முழங்கிக்கொண்டிருந்த நாளிலேயே நாடக மேடையில் அந்தத் தொழில் நடந்துகொண்டிருந்தது என்கிறேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வக்கீலும் மிராசுதாரும் சந்தா கட்டிப் பேசிக்கொண்டது எப்படி ஊரின் பேச்சாகும்? டிக்கெட் வாங்க முடியாதவன், உள்ளே விடப்படாதவன், கூட்டத்துக்கே அழைக்கப்படாத பெண் இவர்கள் எங்கே? இந்த மறுப்பில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மகாஜன சபையில் மகாஜனம் குறைவு. ஆனால் சபை என்கிற வடிவம் வக்கீல்களோடு நின்றுவிடவில்லை. பெரம்பூருக்குப் போனால் தெரியும். அங்கே செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்று ஒன்றை நடத்தினார்கள். பெயரே சொல்லிவிடும்: பக்திப் பிரசங்கத்துக்கான சபை. திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து கதை கேட்க வந்தார்கள். கேட்டு முடிந்ததும் உடனே எழுந்து போய்விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு விடுவது அரை மணி, அதற்குள் ஓடிப்போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடியவில்லை, மேஸ்திரி அடிக்கிறான் என்று செட்டியாரிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். செட்டியாரும் நாயுடுவும் உதவி தேடிக் கிளம்பினார்கள், ஹோம் ரூல் இயக்கத்தின் பி.பி. வாடியா வந்தார், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கேட்டுப் பழகிய காது, உட்கார்ந்து பழகிய திண்ணை, நம்பிப் பழகிய ஆள் மூன்றும் கதை கேட்கும் சபையில் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஆலைக்குள் அந்தப் பேச்சு தொடங்கியிருக்க வழியே இல்லை.

கலையும் பொது விவகாரமும் ஒன்றாகப் பேசப்பட்டதெல்லாம் நன்மையில் முடிந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி இசை மாநாடு நடந்தது; அதன் பிள்ளையாக 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது. அகாடமி 1931-ல் தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்களைச் சதிர் என்ற ஆட்டத்தை ஆட வைத்தது. சட்டசபையில் இருந்தபோதும் அதை விட்ட பிறகும் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தார். 1932 இறுதியில் பத்திரிகையில் அவரும் வக்கீல் கிருஷ்ண ஐயரும் கடிதத்துக்குக் கடிதம் மோதிக்கொண்டார்கள். சதிர் கலையா, அவமானமா என்பது சட்டமும் ரசனையும் சேர்ந்து குழம்பிய கேள்வி. நகரம் அதைப் பகிரங்கமாகப் பேசியது பெரிய காரியம்தான். ஆனால் ஆடியவர்களின் குரல் அந்தக் கடிதப் போரில் மெலிந்தே கேட்டது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் அரசுக்கு மனு அனுப்பியும் பார்த்தார்கள். 1947-ல் சட்டம் வந்தபோது ஆட்டம் புதிய பெயரோடு மேடையில் இருந்தது. பரம்பரையாக ஆடியவர்களில் பலர் அந்த மேடையில் இல்லை. யார் பேசினார்கள் என்பதோடு யாரைப் பற்றிப் பேசினார்கள் என்பதையும் கணக்கில் வைத்தால்தான் என் வாதம் நேர்மையாக இருக்கும்.

பிறகு ஊர்ப்பேச்சும் கலைப்பேச்சும் பிரிந்தன. பிரிவு ஒரே நாளில் நடக்கவில்லை. 1907-ல் விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசியபோதே கூட்டம் எந்த மண்டபத்துக்கும் அடங்காது என்பது தெரிந்துவிட்டது. அரசியல் மணலுக்குப் போனது, அங்கிருந்து ஒலிபெருக்கிக்கும் தெருமுனைக்கும் போனது. சுகுண விலாச சபை 1936-ல் விக்டோரியா ஹாலை விட்டு மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குக் குடிபோனது. நாளடைவில் நாடகம் குறைந்து கிளப் ஆகிவிட்டது. நாற்பதுகளில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது இரண்டு பேச்சும் ஒரு முறை மறுபடி கட்டிப்பிடித்துக்கொண்டன: எந்த மொழியில் பாடுவது என்பது யாருக்குச் சபா சொந்தம் என்ற கேள்வியாயிற்று. அதற்குப் பிறகு ‘சபா’ என்றால் பாட்டு, நாடகம், மார்கழி என்று பொருள் சுருங்கிவிட்டது. விக்டோரியா ஹால் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. பக்கத்து ரிப்பன் மாளிகைக்கு மனுவோடு போகிறவர்கள் அந்தச் செங்கல் கட்டடத்தைத் தாண்டித்தான் போனார்கள். மழை பிந்திய டிசம்பர்களில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதைப் பற்றியும் கால்வாய் ஏன் அடைத்தது என்பதைப் பற்றியும் இன்றைக்கும் சபாவில் சூடாகப் பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் மேடையில் அல்ல, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிற கேன்டீனில்.