ஒரே வேர், இரு கிளைகள்: பேச்சு–செவித்திறன் கல்வியின் பல்கலைக்கழக வரலாறு

முன்னுரை

பேச்சு–மொழி நோயியலும் செவித்திறனியலும் இந்தியாவில் ஒரே இளநிலைப் பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் அவை இருவேறு தொழில்கள். முன்னது உளவியலிலும் பின்னது இரண்டாம் உலகப் போரிலும் பிறந்தவை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேர்விட்டவை என்பதையும், இந்தியப் பாடத்திட்டம் அந்த உறவைக் காத்துவருவதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

அயோவா ஆய்வுக்கூடம்

அயோவா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைத் தலைவர் கார்ல் சீஷோர், இசைத்திறனை அளப்பதில் ஈடுபட்டவர். ஒலியைத் துல்லியமாக எழுப்பும் கருவிகள் அவர் ஆய்வுக்கூடத்தில் உருவாயின. அவருடைய மாணவர் சி. சி. பன்ச், காது மருத்துவர் எல். டபிள்யூ. டீனுடன் சேர்ந்து, தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை செவியைச் சோதிக்கும் ஆடியோமீட்டர் பற்றி 1919-இல் கட்டுரை வெளியிட்டார். அங்கேயே பயின்ற லீ எட்வர்ட் டிராவிஸ் 1924-இல் முனைவர் பட்டம் பெற்றுத் திக்குவாயை ஆராய்ந்தார். 1927-இல் பேச்சு சிகிச்சை நிலையத்தின் பொறுப்பேற்றார். ஆக, போருக்குப் பல ஆண்டுகள் முன்பே செவியும் பேச்சும் ஒரே கூரையின்கீழ் ஆராயப்பட்டன.

போர்க்கால மருத்துவமனை

பன்ச் பின்னாளில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1942-இல் அவர் மறைந்ததும், பேச்சுத் துறை ஆசிரியரான ரேமண்ட் கார்ஹார்ட் அவருடைய வகுப்புகளை ஏற்றார். 1944-இல் கார்ஹார்ட், பென்சில்வேனியாவின் டெஷான் ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். செவித்திறன் இழந்து திரும்பிய வீரர்களிடம் அவர் செய்த சோதனை எளியது: சம அழுத்தமுள்ள ஈரசைச் சொற்களின் ஒலியைப் படிப்படியாகக் குறைத்து, பாதிச் சொற்களை மட்டும் சரியாகத் திருப்பிச் சொல்ல முடிகிற அளவைக் குறித்துக்கொள்வது. பிறகு பல காதுக்கருவிகளை அதே வீரருக்குப் பொருத்தி, எதில் பேச்சு நன்றாகப் புரிகிறது என்று ஒப்பிட்டார். உதட்டசைவைப் படிக்கவும், சொந்தப் பேச்சு சிதையாமல் காக்கவும் பயிற்சி தரப்பட்டது. போருக்குப் பின் பல்கலைக்கழகம் திரும்பிய கார்ஹார்ட் இதையே பாடமாக்கினார். 1925-இல் பேச்சுத் திருத்தத்துக்கெனத் தொடங்கிய அமெரிக்கச் சங்கம், 1947-இல் தன் பெயரில் செவியையும் சேர்த்துக்கொண்டது.

இந்த இணைப்பு அங்கே முழுமையாக நீடிக்கவில்லை. 1988-இல் செவித்திறனியலாளர் தனிச் சங்கம் கண்டனர். 1990-களில் அவர்களுக்கெனத் தனி மருத்துவ முனைவர் பட்டமும் வந்தது.

மைசூர்

1965-இல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இரு துறைகளையும் சேர்த்தே கற்பித்தது. கருவிகளை இறக்குமதி செய்ய முடிந்தது. செவியைச் சோதிக்கும் சொற்பட்டியல்களை அப்படிச் செய்ய முடியவில்லை. ஆங்கிலம் அறியாதவரின் செவியை ஆங்கிலச் சொற்களால் அளந்தால், சோதிக்கப்படுவது அவருடைய செவியன்று, ஆங்கில அறிவு. எனவே 1970-களில் முதுநிலை மாணவர்கள் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் சோதனைச் சொற்பட்டியல்களை ஆய்வேடுகளாகவே உருவாக்கினர். இந்தியக் கல்வியின் தனிப் பங்களிப்பு இதுவே.

1983-இல் மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் எழுந்தது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் பதிவையும் பாடத்திட்டத்தையும் நெறிப்படுத்தியது. இன்று இளநிலைப் பட்டம், ஓராண்டு உள்ளகப் பயிற்சியுடன் நான்கு ஆண்டு. முதுநிலையில்தான் துறைகள் பிரிகின்றன.

முடிவுரை

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கு உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. அறுவைசிகிச்சையோடு வேலை முடிவதில்லை. கருவியின் அளவுகளைச் சரிசெய்வதும், கேட்ட ஒலியை மொழியாக்கப் பழக்குவதும் மாதக்கணக்கில் கைகோத்து நடக்க வேண்டியவை. ஒன்றை மட்டும் கற்றவர் மற்றதன் குறையைக் காணத் தவறுவார். ஆகவே இளநிலையில் ஒருங்கிணைந்த பாடத்தைக் கைவிடக் கூடாது. அத்துடன், தமிழகப் பல்கலைக்கழகங்கள் வட்டார வழக்குகளையும் உள்ளடக்கிய தமிழ்ச் சோதனைப் பட்டியல்களை உருவாக்கி, அரசு மருத்துவமனைகளுக்கு வழங்க வேண்டும்.