ஈட்டிமுனை ஈந்த கோலம்

அலாஸ்காவின் மேற்குக் கரையை அடுத்த நுனிவாக் தீவில் மரங்கள் அரிது; குளிரோ கொடிது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் அங்கே கஸ்தூரி எருதுகள் கொண்டுசென்று விடப்பட்டன. இளவேனிலில் அவ்விலங்கு உதிர்க்கும் அடிமயிர், செம்மறிக் கம்பளியினும் வெம்மை மிக்கது. அம்மயிரை நூற்ற நூலால் தொப்பியும் கழுத்துச் சால்வையும் பின்னி ஊதியம் பெறுவதற்காக, 1969இல் கிராமத்து மகளிரின் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

எக்கோலத்தைப் பின்னுவது? விடை அவர்தம் மண்ணிலேயே இருந்தது. 1,200 ஆண்டுப் பழமை வாய்ந்த தந்த ஈட்டிமுனை ஒன்றின் செதுக்குக் கோடுகளே தீவிலுள்ள மெக்கோரியுக் கிராமத்துச் சால்வையின் கோலமாயின. பின்னர்ச் சேர்ந்த ஊர்களும் தத்தம் மரபிலிருந்து தமக்குரிய கோலங்களை வகுத்துக்கொண்டன.

மூதாதையர்க்கு உணவளித்தது ஈட்டி. அதன் கோலமோ அவர் வழிவந்த மகளிர்க்கு ஊதியம் அளிக்கலாயிற்று.