பல்தட வீட்டுப் பதிவுக்குப் பழைய அனலாக் மிக்சர்

பழைய அனலாக் மிக்சர் என்பது ஏறத்தாழ 1970 முதல் 1990-களின் இறுதி வரை செய்யப்பட்ட, ஒலியை எண்களாக மாற்றாமல் மின்னலையாகவே கையாளும் கலவைக் கருவி. மைக்குகளும் வாத்தியங்களும் தரும் வலுக்குறைந்த அலைகளைப் பெருக்கி, தொனி திருத்தி, பதிவுக் கருவிக்கு அனுப்புவது அதன் முதல் வேலை. பதிவான தடங்களைத் திரும்ப வாங்கி ஒன்றாகக் கலப்பது இரண்டாவது வேலை. இந்த இரண்டாவது வேலையை மறந்து வாங்கப்படும் மிக்சர்கள்தாம் பெரும்பாலும் வீட்டுப் பதிவுக்கு உதவாமல் போகின்றன.

தடம் தடமாகப் பதியும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1957-இல் கிதார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் 8 தட நாடாக் கருவியைச் செய்து கொடுத்தது. 1979-இல் டாஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண கேசட்டில் 4 தடங்களையும் சிறு மிக்சர் ஒன்றையும் ஒரே பெட்டியில் அடக்கிப் பதிவை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1990-களின் தொடக்கத்தில் அலெசிஸ் அடாட் வந்து, எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் 8 டிஜிட்டல் தடங்களைப் பதிந்தது. அதற்கு இணையாக மேக்கி போன்ற நிறுவனங்களின் 8 பஸ் மிக்சர்களும், அதாவது சேனல்களைத் தொகுத்து வெளியே அனுப்பும் 8 வழிகள் கொண்டவையும், பெருகின.

தமிழ்த் திரைப்பாடல்கள் பதிவான கோடம்பாக்கத்தில் நெடுங்காலம் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் இசைக்க, அப்போதே கலந்து பதிவதுதான் வழக்கம். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தடங்கள் பிரிந்த பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 1989-இல் ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன், வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவில் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழர் அறிந்த சிறந்த சான்று. 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படப் பாடல்கள் அங்கே உருவானவை.

மிக்சரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எண்ண வேண்டியது கருவியின் பெயரை அல்ல, பதிய வேண்டிய இசையில் உள்ள ஒலிமூலங்களை. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியும் அதன் சுற்றுவட்டாரமும் தெருக்கூத்து வழங்கும் பகுதி. கூத்துக்குப் புகழ்பெற்ற புரிசை, இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றுப் பக்கம் இருக்கிறது. ஒரு கூத்துக் குழுவை வீட்டில் பதிவதாகக் கொண்டால் கணக்கு இப்படி வரும்: வேடக்காரரின் குரலுக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு இரண்டு, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று, முகவீணைக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று. ஆக 8 மைக்குகள். இவை 8 தடங்களில் பதிவானால், கலக்கும்போது அந்த 8 தடங்களும் மிக்சருக்குள் திரும்பி வர வேண்டும். ஆகவே, 8 சேனல் மிக்சர் பதிவதற்குப் போதும் என்றாலும், முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே புதிதாக ஒன்றைச் சேர்க்க முற்படும்போது இடம் போதாது.

ஊர்களில் எளிதாகக் கைக்கு வரும் பழைய மிக்சர் மைக்செட் கடையினுடையது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் உழைத்த அத்தகைய கருவிகளில் ஒலி தரமாகவே இருக்கலாம். ஆனால் அவை எல்லா மைக்குகளையும் ஒன்றாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பச் செய்யப்பட்டவை. இடது, வலது என இரண்டே வெளிவாயில்கள் இருந்தால், எத்தனை சேனல் இருந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டு தடம்தான் பதிய முடியும். பதிவுக்கு வேண்டியது ஒவ்வொரு சேனலுக்கும் தனி டைரக்ட் அவுட், அல்லது 4 முதல் 8 வரை பஸ் வெளிவாயில்கள். டைரக்ட் அவுட் இல்லாத சில மிக்சர்களில், வெளிக் கருவியை இடையில் இணைப்பதற்கான இன்சர்ட் ஜாக்கில் மோனோ பிளக்கைப் பாதி மட்டும் செருகி, சேனலைத் துண்டிக்காமல் ஒலியை வெளியே எடுக்கலாம். ஆனால் இது பலிக்குமா என்பது அந்த ஜாக்கின் உள் இணைப்பைப் பொறுத்தது. எல்லாக் கருவிகளிலும் அது ஒரே மாதிரி இருக்காது.

பதிவு மிக்சர்கள் அமைப்பால் இரு வகைப்படும். ஒருவகையில் மைக் சேனல்கள் ஒருபுறமும், பதிவுக் கருவியிலிருந்து திரும்பும் தடங்களுக்கான பகுதி மறுபுறமும் இருக்கும். இதில் ஒலி போகும் வழி கண்ணால் பார்த்தே விளங்கும் என்பதால் புதிதாகக் கற்பவருக்கு ஏற்றது. இடம் நிறையப் பிடிக்கும். இன்-லைன் என்னும் மற்றதில் ஒவ்வொரு சேனலிலும் மைக்குக்கு ஒரு வழியும் தடத்துக்கு ஒரு வழியுமாக இரண்டு பாதைகள் உண்டு. அகலம் பாதியாகும், குமிழ்கள் இரட்டிக்கும், குழப்பமும் கூடும். சிறு அறைக்கு இன்-லைன் நல்லது என்று சொல்லப்பட்டாலும், கூத்துக் குழு காத்திருக்கும் வேளையில் எந்த ஃபேடர் எதற்கு என்று தேடும் நிலை வரக்கூடாது. பழகும் பொறுமை இருந்தால் மட்டும் அதை நாடலாம்.

பதிவுக் கருவியோடு மின்னளவும் பொருந்த வேண்டும். தொழில்முறைக் கருவிகள் +4 டிபியு, அதாவது ஏறத்தாழ 1.23 வோல்ட் அளவில் பேசும். 1980-களின் வீட்டுப் பதிவுக் கருவிகள் பலவும் −10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட் அளவில் பேசும். இடைவெளி 12 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவு. பொருந்தாமல் இணைத்தால் ஒருபுறம் ஒலி சிதையும், மறுபுறம் இரைச்சல் எழும். முகவீணை போன்ற உரத்த சிறு குழல் திடீரென உச்சத்துக்குப் போகும்போது இந்தத் தவறு உடனே காதில் விழும்.

ஆரணி போன்ற நெசவூரில் பதிபவர் தறியையும் கணக்கில் கொள்ள வேண்டும். குழித்தறி தரையோடு பொருந்தியிருப்பதால் பலகை அடிக்கும் அதிர்வு தரைவழியே மைக் ஸ்டாண்டில் ஏறும். 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் லோ கட் பொத்தான் ஒவ்வொரு சேனலிலும் இருப்பது இங்கே பெரிய துணை. தறியில் ஊடிழையைக் கொண்டு ஓடும் நாடாவின் சத்தத்தை மட்டும் எந்தப் பொத்தானும் அகற்றாது. அது குரலின் அலைவரிசையிலேயே கலந்து நிற்கிறது. தறி ஓய்ந்த நேரத்தில் பதிவதே அதற்கு வழி.

மின்சாரத்தில்தான் பழைய மிக்சர்கள் அதிகம் பாழாகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்தவை 120 வோல்ட்டுக்கும், ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கானவை 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. 230 வோல்ட்டில் நேரே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். பின்புறத் தகட்டைப் படித்த பிறகே இணைக்க வேண்டும். தேவையெனில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அரிசி ஆலைகளின் பெரிய மோட்டார்கள் ஓடும் ஊரில் மின்னழுத்தம் ஆடும் என்பதால் ஸ்டெபிலைசரும், ஹம் வராமலிருக்க ஒழுங்கான எர்த்தும் அவசியம். ஹம் வந்தால் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. மிக்சரையும் பதிவுக் கருவியையும் ஒரே எர்த் உள்ள ஒரே பிளக்பாயின்ட்டிலிருந்து இயக்குவதே முறை.

வாங்குமுன் சோதிக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். சூடேறிய பிறகே சில குறைகள் தலைகாட்டும். ஒரு மைக்கையும் ஹெட்ஃபோனையும் கொண்டு சேனல் சேனலாகப் பேசி, ஒவ்வொரு குமிழையும் திருப்பி, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். கரகரப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் தூசிதான்; தொடர்புமுனைத் தெளிப்பானால் தீரும். ஒலி விட்டுவிட்டு வந்தால் சாலிடர் விரிசலோ துருவேறிய இணைப்போ இருக்கலாம். மல்டிமீட்டரில் மைக் வாயிலின் 2, 3 ஆம் முனைகளை முதல் முனையோடு அளந்தால் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் சரியாக வருகிறதா என்று தெரியும். பிறகு மைக் எதுவும் இணைக்காமல் எல்லா ஃபேடர்களையும் ஏற்றிக் கேட்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் முனகல் எர்த் கோளாற்றையோ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையோ காட்டும். 100 ஹெர்ட்ஸ் உறுமல் மின்வழங்கிக்குள் கபாசிட்டர்கள் தளர்ந்ததைக் காட்டும்.

கபாசிட்டர் தளர்வைக் குற்றமாகக் கொள்ளாமல் வயதாகக் கொள்வதே சரி. எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகக் குறையும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் 30 ஆண்டுகள் கிடந்த கருவிக்கு அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கபாசிட்டர், ஜாக், என்இ5532, டிஎல்072 போன்ற ஐசிகள் ஆகியவை பொதுவான பாகங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் தேடலாம். அந்த மாடலுக்கென்றே செய்த ஃபேடர், குமிழ்மூடி, பல்முனை மின் கேபிள் ஆகியவை எளிதில் கிடைக்கா. தனிப் பெட்டியாக வரும் மின்வழங்கி கூடவே இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த மிக்சரை விட்டுவிடுவதே நல்லது.

ஒரே அளவுள்ள இரண்டு மிக்சர்களில், சேனலுக்கு ஒன்றாகத் தனிச் சர்க்யூட் பலகைகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சேனல் கெட்டால் அந்தப் பலகையை மட்டும் கழற்றிப் பழுதுபார்க்கலாம். மற்ற சேனல்களில் வேலை நடக்கும். எல்லாச் சேனல்களும் ஒரே பெரிய பலகையில் அமைந்த கருவியில் ஒரு ஜாக்கை மாற்றவே முழுவதையும் பிரிக்க நேரும். சர்க்யூட் வரைபடம் கிடைக்கும் மாடலாக இருப்பது இதற்கு இணையாக முக்கியம். வரைபடம் கையில் இருந்தால் உள்ளூரில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் மெக்கானிக்கே இதையும் பார்த்துவிடுவார்.